தாக்குப்பிடித்தலின் வரலாறு: சில குறிப்புகள்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில், ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் அப்பாருவின் ஊர். 1990களின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் அங்கே மாரியம்மன் கோயிலுக்கு முன்னாலிருந்த பொட்டலில் ஒருவர் ஏழு நாள் சைக்கிள் சுற்றினார். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. நடுவில் ஒரு மூங்கில், அதில் நான்கு டியூப்லைட், இரண்டு குழாய் ஒலிபெருக்கி. ஏழு நாளும் கால் தரையில் படக்கூடாது என்பதுதான் பந்தயம். யாரோடு பந்தயம் என்று கேட்டால் பதில் கிடையாது. எதிராளி இல்லாத போட்டி அது.

சோறு தின்பது, பல் விளக்குவது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. குளிப்பதற்கு வட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் குடத்தோடு நிற்பார். கடந்து போகிற நொடியில் தலையில் ஊற்றுவார். சாயங்காலமானால் கூட்டம் கூடும். டியூப்லைட்டை நெஞ்சில் அடித்து உடைப்பது, கீழே கிடக்கும் ரூபாய் நோட்டை ஓடும் சைக்கிளிலிருந்து குனிந்து வாயால் எடுப்பது போன்ற சில்லறை வித்தைகள் நடக்கும். பிடித்தவர்கள் சட்டையில் ஊக்கு வைத்து நோட்டைக் குத்துவார்கள். பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் பாதிப் பணம். இன்னார் மகன் இன்னார், ஐந்து ரூபாய் அன்பளிப்பு. ஊரில் இருந்த அத்தனை பேர் பெயரும் அந்த ஏழு நாளில் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. சைக்கிள் சுற்றியவர் பெயர் மட்டும் எனக்கு ஞாபகமில்லை. அறிவித்தார்களா என்பதும் ஞாபகமில்லை. 'சைக்கிள்காரர்' என்றுதான் சொன்னோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் எல்லோரும் தூங்கிய பிறகு அவர் இறங்கிப் படுத்துக்கொள்வார் என்று ஊரில் ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நான்கு பேர் பொட்டலின் ஓரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு முறைவைத்துக் காவலிருந்தார்கள். கண்காணிப்பைப் பற்றி ஃபூக்கோவைப் படித்துத் தெரிந்துகொள்வதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நான் பார்த்த கண்காணிப்பு அதுதான். ஒரு மனிதன் தூங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள நான்கு பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். அப்பாருவிடம் எதற்காக இப்படிச் சுற்றுகிறார் என்று கேட்டேன். "வவுத்துப் பொழப்புக் கண்ணு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிவன்மலை அடிவாரத்தில் வேறு சைக்கிள்களைப் பார்க்க முடிகிறது. தடித்த முள் டயர், முன்னால் ஸ்பிரிங் கவை, தலைக்கவசம், முதுகில் தண்ணீர்ப்பை. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்து இறக்குகிறார்கள். மலைச் சைக்கிள் நெடுநேர ஓட்டத்திற்கான பயிற்சி என்கிறார்கள். அப்படியொரு ஓட்டத்தின் விண்ணப்பப் படிவத்தை நண்பரொருவர் காட்டினார். பெயர், வயது, ரத்த வகை, அவசரத்திற்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், என்ன நேர்ந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல என்ற உறுதிமொழி, கட்டணம். கட்டணம் கட்டிக் களைத்துப் போகிறவர், களைத்ததற்காகக் காசு வாங்கியவர் — இந்த இரண்டு பேரும் ஒரே வரலாற்றுக்குள் வருவார்களா என்பதுதான் என் கேள்வி. விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் முதலாமவரை மட்டும் எழுதுகிறார்கள். நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் இரண்டாமவரைக்கூட எழுதவில்லை. கரகம், கூத்து என்றால் அவர்களுக்கு மரபு. சைக்கிளில் என்ன மரபு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நம் சிறுபத்திரிகைகள் கடந்த முப்பது வருஷத்தில் உடலைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன. தண்டிக்கப்பட்ட உடல், இச்சிக்கும் உடல், தீட்டுப்பட்ட உடல் என்று. களைத்த உடலைப் பற்றிப் பேசியது குறைவு. களைப்புக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை ஆன்ஸன் ராபின்பாக் 1990இல் வெளியான 'மனித மோட்டார்' என்ற நூலில் விரிவாக எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஐரோப்பிய அறிவியல் உழைக்கும் மனிதனை ஆற்றலை வேலையாக மாற்றும் இயந்திரமாகப் பார்க்கத் தொடங்குகிறது. அதுவரை சோம்பல் என்பது பாவம். இதற்குப் பிறகு களைப்பு என்பது அளவு. இத்தாலியின் தூரின் நகரில் ஆஞ்ஜெலோ மோஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர் களைப்பை அளக்க ஒரு கருவியே செய்தார். நடுவிரலில் எடையைக் கட்டித் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்வார், விரல் சோர்ந்துபோவதைக் கருவி வளைகோடாக வரைந்து காட்டும். களைப்பு பற்றிய அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1891.

அதே 1891இல்தான் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பி வரும் 1200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தை ஒரு பாரிஸ் பத்திரிகை நடத்தியது. சார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முதலாவதாக வந்தார். அதே ஆண்டில் நியூயார்க்கின் மேடிஸன் சதுக்க அரங்கிலும் ஆறு நாள் சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. தற்செயல்தான். ஆனாலும் அளக்கிறவனும் ஓட்டுகிறவனும் வேடிக்கை பார்க்கிறவனும் ஒரே ஆண்டில் ஒரே பொருளைச் சுற்றி வந்து நிற்கிறார்கள்: மனுஷன் எவ்வளவு தாங்குவான்?

ஆறு நாள் என்ற கணக்கு வேதாகமத்திலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், அன்று கேளிக்கை கூடாது. ஆக ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் தொடங்கிச் சனிக்கிழமை இரவு முடிப்பார்கள். சுமார் 142 மணி நேரம். உள்ளரங்கில் மரத்தால் போட்ட ஒரு சிறிய வளையம். அதையே சுற்றிச் சுற்றி வர வேண்டும். தூங்குவதும் தூங்காததும் ஓட்டுகிறவன் விருப்பம். தூங்கினால் தூரம் போகும், அவ்வளவுதான். இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பொட்டல் ஞாபகத்துக்கு வராமல் போகாது. அங்கே ஓய்வுநாள் என்ற ஒன்று இல்லாததால் ஏழு நாளாகிவிட்டது.

1896 டிசம்பரில் நடந்த ஆறு நாள் ஓட்டத்தில் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின இளைஞர் கலந்துகொண்டார். வயது 18. அவர் அசலில் குறுந்தூர ஓட்டக்காரர். நெடுநேர ஓட்டம் அவருடைய துறையே அல்ல. 142 மணி நேரத்தில் 1732 மைல், அதாவது 2780 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி எட்டாவதாக வந்தார். கடைசி நாட்களில், கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துவதாகச் சொல்லி அவர் சைக்கிளில் ஏற மறுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தூக்கமில்லாத மூளையின் பிரமை என்று எழுதினார்கள். அப்படி இருக்கலாம். ஆனால் 1896 அமெரிக்காவில் ஒரு கறுப்பு இளைஞனுக்குத் தன்னைக் கத்தியோடு ஒருவன் துரத்துகிறான் என்று தோன்றியதை வெறும் தூக்கக் கணக்கில் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பல ஓட்டங்களில் வெள்ளை ஓட்டக்காரர்கள் சேர்ந்துகொண்டு அவரை மறித்திருக்கிறார்கள், தள்ளி விழ வைத்திருக்கிறார்கள். தெற்கு மாநிலங்களில் அவரைப் போட்டிகளில் சேர்க்கவே மறுத்தார்கள். 1899இல் மான்ட்ரியலில் உலகச் சாம்பியன் ஆனார். 1932இல் சிகாகோவில் ஏழையாக இறந்தார். அநாதைப் பிணங்களோடு புதைத்தார்கள்.

இந்த ஆறு நாள் ஓட்டங்களைப் பார்த்து அந்தச் சமூகமே ஒரு கட்டத்தில் மிரண்டுபோயிற்று. ஓட்டுகிறவர்கள் புத்தி பேதலித்துப் போவதையும், அதைப் பார்க்கவே கூட்டம் டிக்கெட் வாங்கி வருவதையும் நியூயார்க் டைம்ஸ் உள்ளிட்ட பத்திரிகைகள் கண்டித்தன. 1898இல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது: ஒரு ஆள் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. எட்டு மணி நேர வேலைநாளுக்காகச் சிகாகோவில் தொழிலாளிகள் ரத்தம் சிந்தி அப்போது பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு ஒத்துக்கொள்ளாத அரசியல்வாதிகள், கேளிக்கை அரங்கில் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சம்மதித்தார்கள் என்பது வேடிக்கையான விஷயம். முதலாளிகளுக்கு இதனால் நஷ்டமில்லை. ஓட்டக்காரர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் ஓய்வெடுப்பான். ஆளுக்குப் பன்னிரண்டு மணி, ஓட்டம் இருபத்துநாலு மணி. வேகம் கூடியது, வசூலும் கூடியது. அந்த அரங்கின் பெயரிலேயே 'மேடிஸன்' என்ற அந்த ஜோடி ஓட்டம் பின்னாளில் ஒலிம்பிக் வரை போயிற்று. ஆலையில் இரண்டு ஷிப்டு கண்டுபிடித்தவனும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பான்.

பிரான்ஸில் விஷயம் அரங்கத்திலிருந்து சாலைக்குப் போனது. லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை விற்பனையில் போட்டிப் பத்திரிகையைத் தோற்கடிக்க 1903இல் 'தூர் த பிரான்ஸ்' ஓட்டத்தைத் தொடங்கியது. முதல் ஓட்டத்தில் ஆறு கட்டம், 2428 கிலோமீட்டர். ஜெயித்த மொரிஸ் காரன் சிறுவயதில் புகைபோக்கி சுத்தம் செய்தவர். ஒருவன் களைப்பதை இன்னொருவன் காலையில் காப்பியோடு படிக்கலாம் என்ற ஏற்பாடு இங்கேதான் முழுமையடைகிறது. 1924இல் முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஆன்ரி பெலிஸியேவும் அவர் தம்பியும் நடுவழியில் ஓட்டத்தைவிட்டு விலகினார்கள். புறப்படும்போது போட்டிருந்த மேலாடையோடேயே முடிக்க வேண்டும், வழியில் கழற்றிப் போடக் கூடாது என்ற விதிதான் காரணம். குளிருக்கு இரண்டு சட்டை போட்டவன் வெயில் வந்ததும் ஒன்றைக் கழற்றியது குற்றமாகிவிட்டது. ஆல்பேர் லோந்திரு என்ற பத்திரிகையாளரிடம் அவர்கள் தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கோக்கைன், ஈறுக்குக் குளோரோபார்ம், அப்புறம் மாத்திரைகள். தீவாந்தரச் சிறைக் கைதிகளைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டுதான் எழுதியிருந்தார் லோந்திரு. இந்த ஓட்டக்காரர்களுக்கு வாய்த்த 'சாலையின் கடுங்காவல் கைதிகள்' என்ற பெயரும் அவரோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

ரோலான் பார்த் 1957இல் வெளியான 'தொன்மங்கள்' நூலில் இந்த ஓட்டத்தை ஒரு காவியமாக வாசித்தார். ஓட்டக்காரர்களின் பெயர்கள் காவிய நாயகர்களின் அடைமொழிகளைப் போல இயங்குவதையும், மலை ஒரு தெய்வத்தைப் போலப் பலி கேட்பதையும் நுட்பமாகவே காட்டினார். அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பிடிக்காத ஒரு இடம் உண்டு. பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் காவியம். பெயரில்லாதவன் சுற்றினால் அது எந்த வகைமை? பார்த்துக்கு அந்தக் கேள்வி எழ வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது.

மலைச் சைக்கிளின் கதை வேறு இடத்தில், வேறு வர்க்கத்தில் தொடங்குகிறது. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் 1930, 40களில் தயாரான கனத்த பழைய சைக்கிள்களைக் குப்பையிலிருந்து எடுத்து, தடித்த டயர் மாட்டி, மலைமேலிருந்து மண்சாலையில் கீழே விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்பாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதல் போட்டி. அந்தச் சரிவுக்கு 'ரீபேக்' என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பழைய பிரேக் ஒரே இறக்கத்தில் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம் — அதனால் வந்த பெயர். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ ப்ரீஸ், டாம் ரிட்சி என்ற அந்த நண்பர்கள் பிற்பாடு ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். 1981இல் ஜப்பானில் செய்த மலைச் சைக்கிள் மொத்தமாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது. எதிர்க்கலாச்சாரம் இருபது வருஷத்தில் பதக்கமான கதை. இதைச் சொல்லிப் புலம்புவது எளிது, விட்டுவிடுவோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1992இல் மேற்கு வர்ஜீனியா மலைக்காட்டில் லேர்ட் நைட் என்பவர் 24 மணி நேர மலைச் சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். நடுப்பகலில் தொடங்கி மறுநாள் நடுப்பகல் வரை. காட்டுக்குள் ஒரு வளையப் பாதை. வேர், பாறை, சேறு. ராத்திரிக்குத் தலையில் விளக்கு. ஒரு அணியில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் ஒரு சுற்று முடித்து வந்ததும் அடுத்தவர் போவார். அதிகச் சுற்று போன அணி ஜெயிக்கும். ஆக 1898இன் அந்த ஷிப்டு முறையேதான். 1996இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்ற ஓட்டக்காரர் ஒரு காரியம் செய்தார். தனியாளாகக் கலந்துகொள்ள அனுமதி இல்லாததால் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி நான்கு பேர் கொண்ட அணியாகப் பதிவுசெய்தார். பிறகு நான்கு பேருக்கான 24 மணி நேரத்தையும் தான் ஒருவராகவே ஓட்டி முடித்தார். அதிலிருந்து தனியாள் பிரிவு என்ற ஒன்றே உண்டாயிற்று.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு உடலை அதன் எல்லைக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் போட்டு, அதனால் ஒருவனை இருவராக்கினார்கள். சரியாக 98 வருஷம் கழித்து ஒருவன் நாலு பேராக நடித்து, தன் ஒரே உடலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். டெய்லர் காலத்து ஓட்டக்காரனுக்கு மறுக்கப்பட்டது ஓய்வு. ஸ்டாம்ஸ்டாடுக்கு மறுக்கப்பட்டது களைப்பு. இரண்டையும் உரிமை என்றே சொல்லலாமா? அதிகாலை மூன்று மணிக்குக் காட்டுப் பாதையில் கை மரத்து, வயிறு எதையும் ஏற்காமல், மரங்கள் ஆட்களாகத் தெரிய ஆரம்பிக்கும்போது ஓட்டுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? ஓட்டியவர்களிடம் கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார்கள், அதை ஒருவித நிறைவோடு சொல்கிறார்கள். நம் இயக்கத் தோழர்கள் இதை நடுத்தரவர்க்கக் கொழுப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எதற்கும் பயன்படாத களைப்பு, யாருக்கும் விற்கப்படாத களைப்பு, வேலைநாளின் கணக்குக்குள் வராத ஒன்று. அது கெட்டதல்ல. அது சிலருக்கு மட்டும் கிடைக்கிறது என்பதுதான் பிரச்சினை.

மலைச் சைக்கிள் நம் ஊருக்குள் வந்த விதத்திலும் இது தெரியும். 1990களில் ஹெர்குலிஸ் எம்டிபி, ஹீரோ ரேஞ்சர் போன்றவை கடைக்கு வந்தபோது காங்கேயத்தில் 'எம்டிபி' என்றால் மலை என்ற அர்த்தமெல்லாம் யாருக்கும் தெரியாது. நேர் ஹேண்டில்பார் வைத்த, பின்னால் கேரியர் இல்லாத சைக்கிள் — அவ்வளவுதான். கேரியர் இல்லை என்பது சாதாரண விஷயமல்ல. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இந்தப் பக்கம் ஓடிய சைக்கிள்கள் எல்லாம் சுமை தூக்கிகள். பால் கேன், பனியன் மூட்டை, கொப்பரைச் சாக்கு, ஐஸ் பெட்டி, பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் கேரியரில்தான். கேரியரைக் கழற்றிய சைக்கிள், எதையும் யாரையும் சுமக்க வேண்டியதில்லாத ஒருவனுக்கானது. வாங்கிய கையோடு பழைய கடையில் கேரியர் வாங்கி எம்டிபியில் வெல்டு வைத்துக்கொண்டவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். அவர்கள்தான் அந்த வண்டியைச் சரியாக வாசித்தவர்கள்.

அப்புறம் யார் ஏறலாம் என்ற கேள்வி. தமிழக கிராமங்களில் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் வரிசைப்படுத்திய கொடுமைகளில், ஊர்த் தெருவில் தலித்துகள் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதும் ஒன்று. கொங்குப் பகுதியில் இரட்டைக் குவளையோடு சேர்த்தே பேசப்பட்ட வழக்கம். சைக்கிள் வரலாற்றை வேகத்தின் வரலாறாக எழுதுகிறவர்கள் இந்த இறங்குதலை எங்கே வைப்பார்கள்? சின்ன வயதில் நான் பார்த்த காட்சியை இப்போது வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. பொட்டலுக்கு வடக்கே அருந்ததியர் தெரு. அங்கிருந்து வந்த பையன்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெகுதூரத்தில், வேப்ப மரத்தடியில் தனியாக நின்று பார்த்தார்கள். வட்டத்துக்குள் ஒருவர் ஏழு நாள் இறங்காமல் ஓட்டுகிறார். வட்டத்துக்கு வெளியே சிலர் ஏறாமல் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சைக்கிள்காரர் என்ன சாதி என்று பெரியவர்கள் விசாரித்துக்கொண்டது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது. குடத்தில் தண்ணீர் யார் வீட்டிலிருந்து கொடுப்பது என்பதற்காகத்தான்.

ஏறுவது என்பதை ஒரு அரசியல் செயலாக ஆக்கிக் காட்டியது புதுக்கோட்டை. 1991–92இல் அறிவொளி இயக்கத்தின்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதைப் பலரும் படித்திருப்பீர்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள் என்பார் அவர். அந்தப் பெண்களுக்குச் சைக்கிள் களைப்பைக் கூட்டவில்லை, குறைத்தது. தண்ணீருக்கும் பேருந்துக்கும் நடந்த மைல்களை எடுத்துக்கொண்டது. தாக்குப்பிடித்தலின் வரலாற்றில் அவர்கள் சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டவர்கள்.

மோசன் மக்மல்பாஃப் என்ற ஈரானிய இயக்குநர் 1980களின் இறுதியில் எடுத்த 'சைக்கிளோட்டி' படத்தை ஒரு திரைப்படச் சங்கக் காட்சியில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நசீம் என்ற ஆப்கானிய அகதி, மனைவியின் மருத்துவச் செலவுக்காக ஒரு சதுக்கத்தில் ஏழு நாள் இரவும் பகலும் சைக்கிள் சுற்றுகிறான். பந்தயம் கட்டுகிறவர்கள், டிக்கெட் விற்கிறவர்கள், ஆருடம் சொல்கிறவர்கள், இவன் உளவாளியோ என்று சந்தேகப்படும் அதிகாரிகள் எல்லோரும் அந்த வட்டத்தைச் சுற்றிக் கடை விரிக்கிறார்கள். எங்கள் ஊர் மிட்டாய்க்கடையும் ராட்டினமும்கூட அங்கே இருப்பது போலத் தோன்றியது. கடைசியில் ஏழு நாள் முடிந்தும் அவன் இறங்குவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறான். 1930களின் பஞ்சத்தில் அமெரிக்கர்கள் சோற்றுக்காக நாட்கணக்கில் நடனமாடிய போட்டிகளைப் பற்றி ஹொரேஸ் மெக்காய் 1935இல் எழுதிய நாவலும் இதே ரகம்தான். ஆக ஒன்று தெரிகிறது: எங்கெல்லாம் வேலையில்லாமல் உடம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் களைப்பு நேரடியாகவே விற்பனைக்கு வந்துவிடுகிறது. உற்பத்தி என்று எதுவும் நடப்பதில்லை. சைக்கிள் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை.

காங்கேயம் என்றால் தமிழகத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது காளை. இந்த மண்ணில் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு ஆவணம் இருக்கிறதென்றால் அது அந்தக் காளைக்குத்தான். கவலை இறைக்கிற காலத்தில் சரிவில் இறங்கி இழுத்து, பிறகு பின்னோக்கியே நடந்து மேடேறி, மறுபடி இறங்கி என்று நாள் முழுக்க நடந்த காளை. அதுவும் ஒரே பாதையில், போய்ச் சேராத நடைதான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பம்புசெட் பெருகிய பிறகு அந்த நடை மெல்ல நின்றது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணி வளர்த்ததையும், காளையின் நிறம், கொம்பு, திமில், உழைப்பு எல்லாவற்றையும் கால்நடை நூல்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. லிட்டில்வுட் 1936இல் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலில் காங்கேயத்துக்கு முக்கிய இடமுண்டு. 2014இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததும், 2017இல் அது மக்கள் போராட்டமாகிச் சட்டத் திருத்தம் வந்ததும், 2023 மே மாதம் அரசியல்சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றதும் நாம் பார்த்தவை. 200 மீட்டர், 300 மீட்டர் ரேக்ளா ஓடுகிற காளையின் வலி எவ்வளவு என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் விவாதித்தது. விவாதிக்க வேண்டியதுதான், தவறென்று சொல்லவில்லை. கவலைச் சாலுக்குத் தோல்பறி தைத்துக் கொடுத்த அருந்ததியரின் உழைப்பு பற்றி இப்படியொரு நூல் 1936இல் யாரும் எழுதவில்லை. ஏழு நாள் சைக்கிள் சுற்றியவரின் உடம்பு பற்றி எந்த நீதிமன்றத்திலும் யாரும் மனுப்போடவில்லை. 1898இன் நியூயார்க் சட்டம் போல ஒன்றை நம் ஊரில் யாரும் கேட்கவும் இல்லை. காளைக்கு இன்னார் பட்டி, இன்ன வம்சம் என்று தாய்வழி தகப்பன்வழி சொல்ல இன்றும் ஆளிருக்கிறது.

இமாச்சலத்தில் சிம்லாவை மையமாக வைத்து 2005இலிருந்து பல நாள் மலைச் சைக்கிள் ஓட்டம் நடந்து வந்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. இந்த ஓட்டங்களில் ஓட்டக்காரரின் சட்டையிலோ வண்டியிலோ ஒரு சின்ன மின்சில்லைக் கட்டிவிடுகிறார்கள். கோட்டைத் தாண்டும் நொடியெல்லாம் பதிவாகிறது. கயிற்றுக் கட்டில் காவல்காரர்களுக்கு வேலையில்லை. ஆனால் அந்தச் சில்லு ஒன்றைச் செய்கிறது: ஓட்டியவரின் பெயருக்கு எதிரே நேரத்தை எழுதி வைக்கிறது. கடைசியாக வந்தவருக்கும் ஒரு வரி உண்டு. நடுவழியில் விட்டவருக்கும்கூட, முடிக்கவில்லை என்று ஒரு வரி உண்டு. படிவத்தில் கேட்ட 'அவசரத்திற்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற கட்டம் எனக்கு அதனால்தான் உறுத்தியது. எங்கள் ஊரில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தால் குடத்தோடு நின்ற அந்தப் பெண்ணின் பெயரை எழுதியிருக்க வேண்டும். அவர் மனைவியா, அக்காவா என்றுகூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும்தான் ஏழு நாள் தூங்கியிருக்க மாட்டார்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் ஊரிலும் ஒருவர் சுற்றியிருப்பார். எந்த ஆண்டு, எத்தனை நாள், எந்த ஊர்க்காரர், கூட யார் வந்தார்கள், அப்புறம் என்ன ஆனார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால், தனிநபர் நாற்பது ஐம்பது பேரின் வரலாறாவது மிஞ்சும். அந்த ஆட்கள் இப்போது எழுபதைத் தொட்டிருப்பார்கள்.

எங்கள் ஊரில் ஏழாம் நாள் சாயங்காலம் மேளம் வைத்து அவரை இறக்கினார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு நாளும் இடது பக்கமே வளைந்து ஓட்டியதால் அவருக்கு நேராக நிற்க வரவில்லை, இடது பக்கமாகவே சாய்ந்தார். கால் வீங்கியிருந்தது. துண்டு போட்டார்கள், மாலை போட்டார்கள், ஒரு மூட்டை அரிசி கொடுத்தார்கள். மறுநாள் காலையில் தாராபுரம் பஸ் வந்தபோது அந்தப் பெண் முதலில் ஏறினார். அவர் சைக்கிளைப் பஸ்ஸின் கூரை மேல் தூக்கிப் போடச் சொல்லி, கண்டக்டரிடம் அதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினார்.